ஜேம்ஸ் பால்ட்வின் எதற்காக அமெரிக்காவை விட்டுப் போனார்?

கேட்டவர் சுருக்கமாகத்தான் கேட்டிருக்கிறார்: "ஜேம்ஸ் பால்ட்வின் தன்பாலீர்ப்பாளர் என்பதால்தான் அமெரிக்காவை விட்டு பாரிஸுக்குப் போனாராமே, அதை வைத்து நாவல் எழுதப்போய்த்தான் அவருடைய பெயர் கெட்டதாமே, இது எவ்வளவு தூரம் உண்மை? அவரை வாசிக்க எங்கிருந்து தொடங்கலாம்?" பால்ட்வின் இருபதாம் நூற்றாண்டின் கறுப்பின அமெரிக்க எழுத்தாளர். முதல் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, ஒரு மனிதன் ஊரை விட்டுப் போனதற்கான காரணம். மற்றொன்று, அந்த மனிதன் தன் இயல்பை மறைக்காமல் எழுதியதற்கு என்ன விலை கொடுத்தான், எப்போது கொடுத்தான் என்பது. என் பார்வையில், பொதுவாகச் சொல்லப்படும் கதை இரண்டாவது கேள்வியில்தான் பெரிதும் தவறுகிறது. விலை கொடுக்கத்தான் செய்தார். ஆனால் அது 1956இல் அந்த நாவல் வந்தபோது அல்ல, அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, அவர் கறுப்பர்களின் உரிமைப் போராட்டத்தின் குரலாக அறியப்பட்ட பின்னர். கல்லூரியில் அமெரிக்க இலக்கியம் கற்பித்த அனுபவத்தை வைத்து இதை எழுதுகிறேன். அவருடைய பிரெஞ்சு, துருக்கி வாழ்க்கை பற்றி நான் சொல்லும் இடங்களில் ஆங்கிலத்தில் வந்துள்ள ஆய்வுகளையே சார்ந்திருக்கிறேன். அந்த மொழிகளில் உள்ள ஆவணங்களை நேரடியாக வாசித்தவன் அல்லன்.

ஐயத்துக்கு இடமில்லாத செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பால்ட்வின் 1924 ஆகஸ்ட் 2ஆம் நாள் நியூயார்க்கில் கறுப்பர்கள் மிகுதியாக வாழ்ந்த ஹார்லெம் பகுதியில் பிறந்தார். தாய் பெர்டிஸ் ஜோன்ஸ். தன்னைப் பெற்ற தந்தை யார் என்பதை அவர் கடைசிவரை அறியவில்லை. அவருக்கு மூன்று வயதானபோது தாய் மணந்துகொண்ட டேவிட் பால்ட்வின், நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த கூலித் தொழிலாளி, ஞாயிற்றுக்கிழமைகளில் போதகர். அந்த வீட்டின் ஒன்பது பிள்ளைகளில் மூத்தவர் ஜேம்ஸ். ஒரு கையில் தம்பியோ தங்கையோ, இன்னொரு கையில் புத்தகம் என்று வளர்ந்ததாக அவரே எழுதியிருக்கிறார். மாற்றாந்தந்தையின் கடுமையும், வெள்ளையர்மீது அவர் கொண்டிருந்த ஆறாத வெறுப்பும் அந்தப் பிள்ளையின் மனத்தில் ஆழமாகப் பதிந்தன. 1943 ஜூலை 29 அன்று அந்தத் தந்தை இறந்தார். அதே நாளில் கடைசித் தங்கை பிறந்தாள். ஜேம்ஸின் பத்தொன்பதாவது பிறந்தநாளன்று இறுதிச் சடங்கு நடந்தது. அப்போது ஹார்லெமில் கலவரம் மூண்டு, கடைக் கண்ணாடிகள் உடைந்து தெருவெங்கும் கிடந்தன. மறுநாள் காலை சவ ஊர்தி அவற்றின் ஊடாகவே சென்றது. இந்தச் சில நாள்களை வைத்து அவர் எழுதிய 'நோட்ஸ் ஆஃப் எ நேட்டிவ் சன்' கட்டுரையை அமெரிக்க உரைநடையின் உச்சங்களில் ஒன்றாக நான் கருதுகிறேன்.

இடையில் மூன்று ஆண்டுகள், பதினான்கு வயது முதல் பதினேழு வயது வரை, அவர் ஹார்லெமில் ஒரு பெந்தெகொஸ்தே சபையில் சிறுவர் போதகராக இருந்தார். இதைச் சிறுவயது விளையாட்டாக ஒதுக்கிவிட முடியாது. அவருடைய நீண்ட வாக்கியங்கள் மூச்சு வாங்கி வாங்கி உயர்ந்து, கடைசியில் ஒரு சொல்லில் வந்து விழுவது பிரசங்க மேடையில் கற்ற பாடம். சபையை விட்டு வெளியேறியதற்குப் பல காரணங்கள் சொல்லியிருக்கிறார்: மேடைக்குப் பின்னால் நடக்கும் பணக் கணக்குகளை அறிந்துகொண்டது ஒன்று, பள்ளியில் யூத நண்பர்களோடு பழகியபோது எழுந்த ஐயங்கள் மற்றொன்று. உடல் விழித்துக்கொள்ளும் வயதில், அந்த விழிப்பைப் பாவம் என்று தானே மேடையில் நின்று முழங்க வேண்டியிருந்தது மூன்றாவது. இந்த மூன்றாவது காரணத்தைக் கட்டுரைகளைவிட நாவல்களில்தான் அவர் விரிவாகப் பேசினார்.

இப்போது முதல் கேள்வி. 1948 நவம்பரில் கையில் ஏறத்தாழ நாற்பது டாலரோடு அவர் பாரிஸ் போய்ச் சேர்ந்தார். ஏன் போனார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொன்னார்: நிறவெறியின் சீற்றத்தைத் தாங்கித் தன்னால் உயிரோடு இருக்க முடியுமா என்று ஐயம் வந்துவிட்டது. இது அலங்காரப் பேச்சு அல்ல. போர்க்காலத்தில் நியூஜெர்சியில் வேலை செய்தபோது, கறுப்பர்களுக்கு இங்கே சாப்பாடு கிடையாது என்று சொன்ன உணவகப் பணிப்பெண்மீது தண்ணீர்க் குவளையை வீசி எறிந்ததையும், அது அவளுக்குப் பின்னாலிருந்த கண்ணாடியில் பட்டு நொறுங்கியதையும் எழுதியிருக்கிறார். அன்று தான் கொல்லப்பட்டிருக்கலாம், தானும் கொலை செய்திருக்கலாம் என்ற உணர்வு அவரை விட்டு நீங்கவே இல்லை. 1946இல் நெருங்கிய நண்பர் யூஜின் வொர்த், ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்திலிருந்து குதித்து உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்தவன் நான்தான் என்ற அச்சம் பால்ட்வினைப் பிடித்துக்கொண்டது. பின்னாளில் 'அனதர் கன்ட்ரி' நாவலில் ரூஃபஸ் என்ற இசைக்கலைஞன் அதே பாலத்திலிருந்து குதிப்பது வெறும் தற்செயல் அன்று.

அப்படியானால் தன்பாலீர்ப்புக்கு அந்தப் பயணத்தில் பங்கே இல்லையா? இருந்தது, ஆனால் அதைத் தனியாகப் பிரித்தெடுத்து, இவ்வளவு இதற்கு, இவ்வளவு அதற்கு என்று பங்கு போட முடியாது. அன்றைய நியூயார்க்கில் ஆணும் ஆணும் உறவுகொள்வது குற்றம். அந்தச் சட்டத்தை மாநில உயர்நீதிமன்றம் செல்லாது என அறிவித்தது 1980இல்தான். பிரான்சிலோ 1791ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்திலேயே அந்தக் குற்றம் நீக்கப்பட்டிருந்தது. நியூயார்க்கில் கலைஞர்கள் கூடும் கிரெனிச் வில்லேஜ் பகுதியில் இளைஞராக அலைந்தபோது நிறத்துக்காகவும் நடைக்காகவும் ஒரே வாயிலிருந்து ஒரே நேரத்தில் வசை கேட்டவர் அவர். அதே பகுதியில்தான் பூஃபர்ட் டெலானி என்ற கறுப்பின ஓவியரையும் சந்தித்தார். டெலானியும் தன்பாலீர்ப்பாளர். கறுப்பராக இருந்துகொண்டே ஒருவர் கலைஞராக வாழ முடியும் என்பதற்குத் தான் கண்ட முதல் உயிருள்ள சான்று அவரே என்று பால்ட்வின் நன்றியோடு நினைவுகூர்ந்தார். ஆக, ஓடினார் என்ற சொல்லை ஒப்புக்கொண்டாலும், எதிலிருந்து என்றால் அந்த இரண்டிலிருந்தும்தான். அவர் வாயால் முதலில் சொன்னதோ எப்போதும் நிறம். பாரிஸ் சொர்க்கமாகவும் இல்லை. 1949 டிசம்பரில், ஒரு நண்பர் விடுதியிலிருந்து எடுத்துவந்த படுக்கை விரிப்பு இவருடைய அறையில் இருந்ததற்காகக் கைதாகி, எட்டு நாள் சிறையில் கிடந்தார். அவர் கறுப்பர் என்பது அங்கே யாருக்கும் பொருட்டில்லை, வெறும் ஒரு அமெரிக்கர். அந்தச் சமத்துவமும் அவருக்கு உவப்பாக இல்லை என்பதை நக்கலோடு எழுதினார்.

பாரிஸில்தான் லூசியன் ஹாப்பர்ஸ்பெர்கர் என்ற சுவிஸ் இளைஞரைச் சந்தித்தார். பால்ட்வினின் வாழ்க்கையில் பெரிய காதல் இதுவே என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு அதிகமில்லை. லூசியன் பின்னர் ஒரு பெண்ணை மணந்துகொண்டார். நட்போ சாகும்வரை நீடித்தது. லூசியனின் குடும்பத்துக்கு ஆல்ப்ஸ் மலையில் லாய்க்கர்பாட் என்ற சிற்றூரில் ஒரு மரவீடு இருந்தது. கறுப்பு மனிதரை அதற்கு முன் கண்டிராத அந்த ஊரில், பனிக்கு நடுவில், ஒரு தட்டச்சுப்பொறியையும் கறுப்பினப் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தின் இரண்டு இசைத்தட்டுகளையும் வைத்துக்கொண்டு, ஆண்டுக்கணக்காக முடிக்க முடியாமல் கிடந்த முதல் நாவலை முடித்தார். அந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் சிறுவயதில் தான் பேசிய பேச்சை, தான் வெட்கப்பட்டு மறைத்த பேச்சை, மீட்டெடுத்ததாகச் சொல்கிறார். 'கோ டெல் இட் ஆன் தி மவுண்டன்' 1953இல் வெளிவந்தது.

இந்த முதல் நாவலைத் தன்பாலீர்ப்பு நாவல் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் ஊன்றிப் படித்துப் பாருங்கள். பதினான்கு வயது ஜான், சபையில் தனக்கு வேதபாடம் நடத்தும் பதினேழு வயது எலிஷாவையே பாடம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுடைய குரல் தன் குரலைவிடக் கனத்திருப்பதையும், ஞாயிற்றுக்கிழமை உடையில் அவன் மெலிந்து கறுத்து வலுவாய்த் தெரிவதையும் கவனிக்கிறான். பாடம் மனத்தில் ஏறவில்லை. பிறகு சபையைப் பெருக்கித் துடைக்கும்போது இருவரும் விளையாட்டாக மல்லுக்கட்டுகிறார்கள். இரவெல்லாம் நடந்த ஆராதனையில் ஜான் தரையில் விழுந்து புரண்டு இரட்சிக்கப்பட்ட பின், விடியற்காலையில் எலிஷா அவன் நெற்றியில் முத்தமிடுகிறான். நூல் அதைப் பரிசுத்த முத்தம் என்கிறது. பரிசுத்தம்தான், ஆனால் ஜானுக்கு அது வேறொன்றும்கூட என்பதை வாசகர் அறிவார். ஆசிரியர் எதையும் உரக்கச் சொல்வதில்லை, எதையும் மறைப்பதுமில்லை.

கேள்வியில் குறிப்பிடப்பட்ட நாவல் 1956இல் வந்த 'ஜியோவானிஸ் ரூம்'. முதல் நாவலை வெளியிட்ட க்னாஃப் நிறுவனம் இதை ஏற்கவில்லை. அமெரிக்காவில் டயல் பிரஸ் வெளியிட்டது. இது உறுதி. கையெழுத்துப் பிரதியை எரித்துவிடுமாறு தனக்கு அறிவுரை சொல்லப்பட்டது என்ற புகழ்பெற்ற செய்தியோ, பெரும்பாலும் பால்ட்வின் பிற்காலத்தில் சொன்னதை வைத்தே பரவியது. அவர் தன் கதையைச் சுவையோடு சொல்லத் தெரிந்தவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். கறுப்பின எழுத்தாளர் கறுப்பர்களைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்ற எதிர்பார்ப்பை இந்த நாவல் உடைத்தது, ஏனென்றால் இதில் வருபவர்கள் எல்லாரும் வெள்ளையர்கள். நிறமும் தன்பாலீர்ப்பும் ஆகிய இரண்டு பாரங்களையும் ஒரே நூலில் தூக்க அப்போது தன்னால் முடியாது என்று பின்னாளில் ஒரு பேட்டியில் அவர் விளக்கினார். ஆனாலும் நிறம் இதில் இல்லாமல் போகவில்லை. முதல் பக்கத்திலேயே கதைசொல்லி டேவிட், பிரான்சின் தெற்கே ஒரு வீட்டு ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு கண்டத்தையே கைப்பற்றிய தன் மூதாதையரை நினைத்துப் பார்க்கிறான். அந்தக் கைப்பற்றும் வம்சத்தான், தன்னை நேசித்த இத்தாலிய இளைஞனைக் கைவிட்டு, அவன் கில்லட்டின் என்ற தலைவெட்டும் எந்திரத்துக்குப் போக ஒரு காரணமாகிறான்.

தலைப்பில் வரும் அந்த அறையைச் சற்று நின்று பார்க்கலாம். நகரத்தின் ஓரத்தில், வேலைக்காரி தங்கும் அளவே ஆன சிறிய அறை. வெளியிலிருந்து யாரும் பார்த்துவிடக் கூடாது என்று ஜன்னல் கண்ணாடியில் வெள்ளைப் பூச்சு. சுவரில், ரோஜாக்களுக்கிடையே ஓர் ஆணும் பெண்ணும் முடிவில்லாமல் உலாவும் படம் அச்சிட்ட காகிதம். அதைக் கிழித்து, சுவரைக் குடைந்து அங்கே புத்தக அலமாரி பதிக்கப் போகிறேன் என்று ஜியோவானி செங்கல்லைப் பெயர்த்துப் போட்டிருக்கிறான்; வேலை முடியவே இல்லை. இருவர் சேர்ந்து வாழ உலகத்தில் எழுதிவைத்த மாதிரி எதுவும் இல்லாதபோது, வெறுங்கையால் ஒரு வீட்டைக் கட்டப் பார்ப்பவனின் திண்டாட்டம் முழுவதும் அந்தச் சுவரில் இருக்கிறது. டேவிட்டுக்கு அதைப் பார்க்க மூச்சு முட்டுகிறது, ஓடிவிடுகிறான்.

இந்த நாவல் அவரை அழித்ததா? இல்லை. அது அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. 1962இல் வந்த 'அனதர் கன்ட்ரி', ஆண்களுக்கு இடையிலான உறவையும் கறுப்பர் வெள்ளையர் உறவையும் இன்னும் வெளிப்படையாக எழுதியது, ஆஸ்திரேலியாவில் தடைசெய்யப்பட்டது, அமெரிக்காவிலோ பெருமளவில் விற்றது. அடுத்த ஆண்டு, நிறவெறியைப் பற்றிய கட்டுரை நூலான 'தி ஃபயர் நெக்ஸ்ட் டைம்' வந்தது. 1963 மே மாதத்தில் டைம் இதழின் அட்டையில் அவர் முகம். எந்த அளவுகோலை வைத்துப் பார்த்தாலும் இது ஓர் எழுத்தாளரின் உச்சம்.

கணக்கு தீர்க்கப்பட்டது அதற்குப் பிறகு. அதே டைம் கட்டுரை அவரைப் பெண்மை கலந்த பாவனை உடையவர் என்று போகிற போக்கில் குத்திவிட்டுப் போனது. அமெரிக்க அரசின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. அவர்மீது திரட்டிய கோப்பு 1,884 பக்கங்கள். அதன் தலைவர் ஹூவர், இவர் பிறழ்ந்தவர் அல்லவா என்று கேட்டு ஒரு குறிப்பின்மேல் தம் கையாலேயே எழுதிவைத்தார். 1963 ஆகஸ்டில் கறுப்பர் உரிமைக்காக வாஷிங்டனில் நடந்த மாபெரும் பேரணியில் பால்ட்வின் கலந்துகொண்டார், பேச அழைக்கப்படவில்லை. தன்பாலீர்ப்புதான் காரணம் என்று பலரும் அடித்துச் சொல்கிறார்கள். எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. அந்தப் பேரணியை நாள்தோறும் இருந்து ஒழுங்குசெய்தவர் பேயர்ட் ரஸ்டின். அவரும் தன்பாலீர்ப்பாளர், அதற்காக 1953இல் கைதானவர். செனட்டர் தர்மண்ட் அவையிலேயே அதைச் சொல்லி இழிவுபடுத்தியபோதும் தலைவர்கள் ரஸ்டினைக் கைவிடவில்லை. பால்ட்வின் எதையாவது பேசிவிடுவார் என்ற பயத்தால்தான் அவரை மேடையேற்றவில்லை என்று கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் அந்த ஆண்டே கேலிசெய்தார். இரண்டும் கலந்திருக்கலாம். எழுதிக் கொடுத்ததைப் படிப்பவர் அல்லர் பால்ட்வின் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மிகக் கடுமையான அடி வெளியாரிடமிருந்து வரவில்லை. 1968இல் எல்ட்ரிட்ஜ் கிளீவர், கறுப்பர்களின் தீவிர அமைப்பான பிளாக் பேந்தர் கட்சியின் முன்னணியில் நின்றவர், தம் நூலில் பால்ட்வினின் தன்பாலீர்ப்பைக் கறுப்பினத்தின்மீதான வெறுப்பின் நோயாகச் சித்திரித்தார். எந்த மக்களுக்காகத் தொண்டை வறளப் பேசினாரோ, அந்த மக்களின் இளைஞர்கள் கையில் அந்த நூல் இருந்தது. 1972இல் பால்ட்வின் எழுதிய மறுமொழி வியக்கத்தக்க அளவுக்கு மென்மையானது. எனக்கு அது மிதமிஞ்சிய மென்மை என்றே படுகிறது. அதே 1968இல் வெளிவந்த அவருடைய நாவலை நியூயார்க் டைம்ஸில் மதிப்புரை எழுதித் துவைத்தவர் மரியோ பூஸோ. ஆம், மறு ஆண்டு 'காட்ஃபாதர்' எழுதியவரேதான். அந்த நாவல் தொய்வானது என்பதில் பூஸோவுக்கு நியாயம் உண்டு. மெட்கர் எவர்ஸ், மால்கம் எக்ஸ், மார்ட்டின் லூதர் கிங் என்று நண்பர்கள் ஒவ்வொருவராகச் சுடப்பட்ட ஆண்டுகளில் எழுதப்பட்டது அது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதற்கிடையே அறுபதுகளின் பெரும்பகுதியை அவர் இஸ்தான்புல்லில் வந்து போய்க் கழித்தார். 'அனதர் கன்ட்ரி' அங்கேதான் முடிக்கப்பட்டது. எழுபதுகளின் தொடக்கம் முதல் தென் பிரான்சின் சான் போல் த வான்ஸ் என்ற ஊரில் வாழ்ந்து, 1987 டிசம்பர் 1 அன்று புற்றுநோயால் இறந்தார். தன்பாலீர்ப்பாளர் உரிமை இயக்கத்தில் அவர் சேரவில்லை. 1984இல் ஒரு நீண்ட பேட்டியில், அந்த இயக்கத்தின் அடையாளப் பெயர் தனக்குப் பொருந்தியதே இல்லை என்றும், யாரை நேசிக்கிறோம் என்பது ஒவ்வொருவரும் தனக்குத்தானே பதில் சொல்லிக்கொள்ள வேண்டியது என்றும் சொன்னார். அன்றைய இயக்கம் பெரிதும் வெள்ளையர்களுடையது என்ற விமர்சனமும் அதில் இருந்தது. இதைக் கோழைத்தனம் என்பவர்கள் உண்டு. 1956இலேயே அந்த நாவலைத் தன் சொந்தப் பெயரில் வெளியிட்டவர்மீது அந்தச் சொல் எப்படி ஒட்டும் என்பது எனக்கு விளங்கவில்லை.

அவர் வாழ்க்கையைப் பற்றிப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. பால்ட்வினே சொன்னார் என்பது எப்போதும் போதுமான சான்றாகாது. 1956 இலையுதிர் காலத்தில் பாரிஸ் பத்திரிகைக் கடைகளில் டோரதி கவுன்ட்ஸ் என்ற மாணவி, வெறிக்கூச்சலிடும் கூட்டத்தின் நடுவே சார்லட் நகரப் பள்ளிக்கு நடந்துபோகும் படத்தைப் பார்த்ததாகவும், அப்போதே நாடு திரும்ப முடிவெடுத்ததாகவும் 1972இல் உருக்கமாக எழுதினார். ஆனால் அந்தப் படம் எடுக்கப்பட்டது 1957 செப்டம்பரில். அவரோ அந்த ஜூலையிலேயே அமெரிக்கா திரும்பியிருந்தார். பொய் சொன்னார் என்று இதற்குப் பொருள் இல்லை. நினைவு, கதைக்கு ஏற்ற இடத்தில் படத்தைக் கொண்டுபோய் மாட்டியிருக்கிறது. அவருடைய தாள்கள் 2017 முதல் ஹார்லெமின் ஷோம்பர்க் மையம் என்ற ஆவண நூலகத்தில் உள்ளன. நெருங்கியவர்களோடு அவர் பரிமாறிக்கொண்ட சில கடிதங்கள் இருபது ஆண்டுகளுக்கு மூடிவைக்கப்பட்டிருப்பதால், காதலைப் பற்றி இப்போது எழுதப்படும் எதுவும் முடிந்த முடிவு அன்று.

எங்கிருந்து தொடங்குவது? 'ஜியோவானிஸ் ரூம்' சிறியது என்பதால் பலரும் அதைக் கையில் கொடுப்பார்கள். நான் முதலில் 'நோட்ஸ் ஆஃப் எ நேட்டிவ் சன்' என்ற அந்த ஒரு கட்டுரையையும், உடனே 'கோ டெல் இட் ஆன் தி மவுண்டன்' நாவலையும் படிக்கச் சொல்வேன். தந்தையையும் சபையையும் அறிந்துகொண்ட பிறகு அந்தப் பாரிஸ் அறைக்குப் போனால் டேவிட் ஏன் அவ்வளவு அஞ்சுகிறான் என்பது பிடிபடும். அதன் பின் நேரே 1979இல் வந்த கடைசி நாவலான 'ஜஸ்ட் அபவ் மை ஹெட்' நூலுக்குப் போய்விடலாம். நீளமானது, சில இடங்களில் இழுக்கும். ஆனால் ஆர்தர் என்ற கறுப்பின நற்செய்திப் பாடகன் ஆண்களை நேசித்த கதையை, அவன் இறந்த பின் அண்ணனே உட்கார்ந்து சொல்கிறான். அண்ணனுக்கு மனைவி, பிள்ளைகள் உண்டு. தம்பியைப் பற்றி மகன் கேட்கிறான், பூசி மழுப்பாமல் பதில் சொல்கிறான். இரண்டு பாரங்களையும் ஒரே நூலில் தூக்க முடியாது என்று ஒரு காலத்தில் சொன்னவர், இங்கே இரண்டையும் ஹார்லெமின் ஒரு குடும்பத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார். 'அனதர் கன்ட்ரி' அதற்கு அப்புறம் போதும்.